தீவனத் தொட்டியை எட்டிப் பார்க்காத காலநிலை விவாதம்

கால்நடையும் காலநிலையும் என்ற தலைப்பில் தில்லியில் நடைபெறும் கருத்தரங்குகளில் இரண்டு குரல்கள்தாம் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றன. இந்திய மாடுகளின் ஏப்பம் புவியைச் சூடாக்குகிறது, ஆகவே மாடுகளின் எண்ணிக்கை குறைய வேண்டும் என்பது முதற் குரல். ஏழை உழவரின் மாட்டைக் கணக்கெடுக்க மேலை நாடுகளுக்கு என்ன உரிமை, எங்கள் மீத்தேன் பிழைப்புக்கான மீத்தேன் என்பது இரண்டாவது. இவ்விரு தரப்பினரும் ஒருவரை ஒருவர் கடுமையாகச் சாடிக்கொள்கின்றனர். ஆனால் மாடு என்ன தின்கிறது என்ற கேள்வியை மட்டும் இருவருமே கேட்பதில்லை. இந்தப் பதிவு அந்த மௌனத்துக்கு எதிரானது. சற்று நீளமானது, மாணவர்களும் ஆசிரியர்களும் பொறுமையோடு படித்து மறுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் அடிப்படை உயிரியலைச் சொல்லிவிடுகிறேன். மாட்டின் பெருவயிறு ஒரு நொதிகலன். அதனுள் வாழும் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தைச் சிதைத்துக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டின் ஆற்றலில் பெரும்பங்கு அவற்றிலிருந்தே கிடைக்கிறது. அந்தச் சிதைவில் வெளிப்படும் ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்குபவை ஆர்க்கியா எனப்படும் தொன்மையான நுண்ணுயிர்கள். மாடு உண்ணும் மொத்த ஆற்றலில் 2 முதல் 12 விழுக்காடு வரை இவ்வாறு ஏப்பமாகக் காற்றில் கலக்கிறது. உழவர் காசு கொடுத்து வாங்கிய தீவனத்தின் ஒரு பகுதிதான் அது.

அதே கலனில் இன்னொரு கணக்கும் நடக்கிறது. தீவனத்தின் புரதத்தை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக உடைத்து, அந்தத் தழைச்சத்தைக் கொண்டு தம் உடலைக் கட்டிக்கொள்கின்றன. பின்னர் அந்த நுண்ணுயிர்களே மாட்டுக்குப் புரதமாகின்றன. இதற்கு ஆற்றலும் தழைச்சத்தும் ஒரே நேரத்தில், ஏற்ற விகிதத்தில் கிடைக்க வேண்டும். ஆற்றல் குறைந்து புரதம் மிகுந்தால், எஞ்சிய அம்மோனியா இரத்தத்தில் கலந்து, கல்லீரலில் யூரியாவாகிச் சிறுநீரில் வெளியேறும். தரையில் விழுந்த சிறுநீரும் சாணமும் கலந்தால் யூரியேஸ் நொதி சில மணி நேரங்களிலேயே அதை மீண்டும் அம்மோனியாவாக்கிவிடும். அதில் ஒரு பகுதி காற்றில் பறக்கிறது. ஒரு பகுதி மண்ணில் நைட்ரேட்டாகி நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. ஒரு சிறு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு வெப்பமூட்டும் வாயு அது.

மாறாக, தீவனத்தில் கச்சாப் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினால் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கின்றன. நார் சரியாகச் செரிப்பதில்லை, மாடு குறைவாகத் தின்கிறது, பால் வற்றுகிறது, ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் ஆகும் மீத்தேன் ஏறுகிறது. நெல் வைக்கோலிலும் கோதுமை வைக்கோலிலும் இருப்பது 3, 4 விழுக்காட்டுப் புரதமே. ஆகவே புரதம் மிகுந்தாலும் கேடு, குறைந்தாலும் கேடு. மீத்தேனும் தழைச்சத்தும் ஒரே தொட்டியில் தொடங்கும் இரண்டு கணக்குகள். ஒன்றை மூடிவைத்து மற்றொன்றை மட்டும் படிப்பது கணக்காகாது.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு 10 லிட்டர் பால் தரும் கலப்பினப் பசு 12 கிலோ உலர்பொருள் உண்பதாகக் கொள்வோம். அதில் கச்சாப் புரதம் 15 விழுக்காடு என்றால் 1.8 கிலோ புரதம், அதாவது 288 கிராம் தழைச்சத்து. பாலில் புரதம் 3.3 விழுக்காடு என்றால் அதில் சேரும் தழைச்சத்து சுமார் 52 கிராம். மாட்டுக்குள் சென்றதில் 18 விழுக்காடுதான் பாலாகிறது. மிச்சமுள்ள 236 கிராம் சாணமும் சிறுநீருமாக வெளியேறுகிறது. அதே பசுவுக்கு ஆற்றலைக் குறைக்காமல் புரதத்தை 12 விழுக்காட்டில் நிறுத்தினால் உட்கொள்வது 230 கிராம். அந்தப் பால் அளவுக்கு அது போதும். பயன்பாட்டுத் திறன் 22 விழுக்காட்டைத் தாண்டுகிறது. குறைகிற 58 கிராமில் பெரும்பகுதி சிறுநீரில் போயிருக்க வேண்டியது. 300 நாள் கறவைக் காலத்தில் அது 17 கிலோவுக்கு மேல் தழைச்சத்து. யூரியாவாகக் கணக்கிட்டால் சுமார் 38 கிலோ. கடையில் விற்கும் 45 கிலோ மூட்டையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் அதிகம். இதை உழவர் யூரியா விலையில் வாங்கவில்லை, புண்ணாக்கின் விலையில் வாங்கியிருக்கிறார். வாங்கிய பிறகு அதைத் தொழுவத் தரையில் ஊற்றியிருக்கிறார்.

இனி முதல் தரப்போடும் இரண்டாம் தரப்போடும் என் வழக்கைச் சொல்கிறேன்.

பிழைப்புக்கான உமிழ்வு, ஆடம்பர உமிழ்வு என்ற பாகுபாடு இந்தத் தில்லியில் எழுந்த ஒன்று. 1991-இல் அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய சிறுநூல், இந்தியாவின் நெல் வயலையும் மாட்டையும் அமெரிக்காவின் கார்களோடு ஒரே தட்டில் வைத்து எடைபோட்ட வாஷிங்டன் உலக வள நிறுவனத்தின் அறிக்கையைக் கடுமையாக மறுத்தது. அன்று அந்த மறுப்பு நியாயமானது. இன்றும் உலகப் பேச்சுவார்த்தை மேடையில் அதன் நியாயம் குறையவில்லை. 2021-இல் கிளாஸ்கோவில் அறிவிக்கப்பட்ட உலக மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா சேராததற்கும் நாடாளுமன்றத்தில் இதே வாதம்தான் விடையாகச் சொல்லப்பட்டது.

ஆனால் பேரம் பேசும் மேடையில் கேடயமாக இருந்த ஒரு வாதத்தை ஆய்வகத்துக்குள் தாழ்ப்பாளாக மாற்றிவிட்டோம். பிழைப்புக்கான மீத்தேன் என்று பெயரிட்டுவிட்டால், அது பிழைப்பைக் கெடுக்கும் மீத்தேனாகவும் இருக்கக்கூடும் என்ற எண்ணமே எழுவதில்லை. ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டி நெறிகளின் பொது மதிப்புகள், வட அமெரிக்கக் கறவைப் பசுவுக்கு ஆண்டுக்கு 8,400 கிலோ பாலையும், இந்தியத் துணைக்கண்டப் பசுவுக்கு 900 கிலோ பாலையும் கொள்கின்றன. நம் பசு வெளியிடும் மீத்தேன் அந்தப் பசுவினதில் பாதிக்கும் குறைவு. ஆனால் பால் ஒன்பதில் ஒரு பங்கு. தலைக்கணக்கில் நாம் நிரபராதி, லிட்டர் கணக்கில் நட்டவாளி. அந்த நட்டத்தின் முதற்சுமை விழுவது உலகத்தின் மீது அல்ல, இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்தின் மீது. தீவனத்தை வெட்டி, கலந்து, தொட்டியில் இடுவது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள். தேசத்தின் மானத்தைக் காக்கிறோம் என்ற பெயரில் அவர்களின் தொட்டியைப் பார்க்க மறுப்பது எவ்வகை நீதி?

மாடுகளைக் குறைக்கச் சொல்லும் தரப்புக்கும் இதே எண்கள் பதில் சொல்கின்றன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாட்டினம் 19.3 கோடி, எருமை ஏறத்தாழ 11 கோடி. நாட்டின மாடுகள் முந்தைய கணக்கெடுப்பைவிட 6 விழுக்காடு குறைந்திருந்தன; தெருவில் திரிந்தவை மட்டும் 50 லட்சம். பால் தராத மாட்டுக்கும் பெருவயிறு உண்டு. ஆனால் டென்மார்க்கில் கால்நடை உமிழ்வுக்கு 2030 முதல் வரி விதிக்க இசைந்திருக்கிறார்கள் என்பதைக் காட்டி, இரண்டு மாடுகளே சொத்தான ஒரு நாட்டுக்குப் பாடம் எடுப்பவர்கள், மாடு அங்கே தொழில், இங்கே சேமிப்பு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவதாக ஒரு தரப்பும் வளர்ந்துவருகிறது. அது எங்கள் ஆய்வுலகத்திலேயே வளர்வதால் அதன் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். மீத்தேனைக் குறைக்கும் மந்திரப் பொடியைத் தேடும் தரப்பு அது. கடற்பாசி, 3-நைட்ரோஆக்சிபுரோப்பனால், மூலிகைச் சாறு என ஆண்டுதோறும் புதுப் பெயர் வருகிறது. கண்ணாடிக் குழாயில் பெருவயிற்று நீரை ஊற்றி, 24 மணி நேரம் வைத்து, மீத்தேன் இத்தனை விழுக்காடு குறைந்தது என்று ஒரு கட்டுரை. குழாய்க்குப் பசி இல்லை, குழாய் பால் தருவதில்லை, குழாய் சிறுநீர் கழிப்பதுமில்லை. அதன் முடிவுகள் ஆய்வின் தொடக்கமே. அவற்றை முடிவாக எழுதிப் பட்டம் பெறும் வழக்கம் பெருகிவிட்டது.

சேர்க்கைப் பொருள்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியக்க நிறுவனம் உருவாக்கிய ஹரித் தாரா, டானின் நிறைந்த தாவரப் பொருள்களால் ஆனது; மீத்தேனை 17 முதல் 20 விழுக்காடு குறைப்பதாக அந்நிறுவனம் சொல்கிறது. நம் ஊர்ப் புளியங்கொட்டைத் தோலிலும் இந்த டானின் உண்டு. ஆனால் டானின் மீத்தேனோடு நிற்பதில்லை. அது புரதத்தையும் பற்றிக்கொண்டு, பெருவயிற்றில் உடையாமல் காக்கிறது. அளவோடு இருந்தால் தழைச்சத்து சிறுநீரிலிருந்து சாணத்துக்கு மாறுகிறது. சாணத்திலுள்ளது எளிதில் ஆவியாவதில்லை, எருவாக வயலுக்குத் திரும்பலாம். அளவு மீறினால் செரிமானமே குன்றுகிறது. ஏற்கெனவே புரதம் பற்றாத வைக்கோல் தீவனத்தில் அதைச் சேர்ப்பதும், புண்ணாக்கு மிகுந்த தீவனத்தில் சேர்ப்பதும் ஒரே விளைவைத் தரா. இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் மீத்தேன் விழுக்காட்டை மட்டும் சொல்வது பாதி உண்மை. பாதி உண்மையைக் கொண்டு கரிம வரவு வணிகம் தொடங்கினால் அது முழுப் பொய்யாகிவிடும்.

இப்போது தில்லிக்கு வருவோம். காக்ரோலா, கோய்லா, நங்லி சக்ராவதி, ஜரோதா, பல்ஸ்வா, காஜிப்பூர், ஷாபாத் தௌலத்பூர், மதன்பூர் காதர், மசூத்பூர் என ஒன்பது பால்பண்ணைக் குடியிருப்புகள் இந்நகரில் உண்டு. 2024 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் இவற்றின் நிலைமையை ஆராய்ந்தபோது, காஜிப்பூரும் பல்ஸ்வாவும் குப்பை மலைகளை ஒட்டியிருப்பதால் அங்குள்ள மாடுகள் குப்பையைத் தின்னும், அந்தப் பாலைக் குடிப்பவருக்குக் கேடு விளையும் என்று சுட்டி, அவ்விரண்டையும் இடம்மாற்ற வேண்டும் என்று கருதியது. ஆக்சிடோசின் ஊசி பற்றியும் கடுமையாகப் பேசியது. அதன்பின் செய்தித்தாள்களில் இடிப்பு, இடமாற்றம், இழப்பீடு ஆகியவையே நிறைந்தன. மாட்டின் தீவனத்தைப் பற்றிய வழக்கு, மனையைப் பற்றிய வழக்காகச் சுருங்கிப்போனது.

இடம் மாறினால் தீவனம் மாறிவிடுமா? நகரப் பண்ணைக்குச் சொந்த நிலம் இல்லை. வைக்கோல், தவிடு, புண்ணாக்கு, சந்தையின் காய்கறிக் கழிவு என அன்றன்று மலிவாகக் கிடைப்பதே தீவனம். குளிர்காலத்தில் வட இந்தியாவின் முதன்மைப் பசுந்தீவனமான பெர்சீம் மலிவாகக் குவிகிறது. அதன் புரதம் 17 விழுக்காட்டுக்கும் மேல். கோடையில் அதே மாட்டுக்கு வைக்கோலே கதி. ஆண்டின் ஒரு பாதியில் தழைச்சத்து வழிகிறது, மறு பாதியில் வற்றுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி ஒரு மாடு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ சாணமும், கிட்டத்தட்ட அதே லிட்டர் அளவுக்குச் சிறுநீரும் கழிக்கிறது. எரு இட வயலில்லாத பண்ணையில் அது வரட்டியாகி எரிகிறது, அல்லது வடிகாலில் கழுவிவிடப்பட்டு யமுனையைச் சேர்கிறது. எங்கோ இயற்கை எரிவாயுவைச் செலவழித்துச் செய்த யூரியா, எங்கோ ஒரு வயலில் தீவனமாகி, இந்நகரில் சாக்கடையாகிறது. இது வட்டம் அல்ல, ஒருவழிப் பாதை.

காற்றையும் மறக்க வேண்டாம். செயற்கைக்கோள் பார்வையில் உலகின் மிகப் பெரிய அம்மோனியா மையங்களுள் ஒன்று சிந்து-கங்கைச் சமவெளி. வயலில் இடும் யூரியாவும் கால்நடைக் கழிவும் அதன் பெரும் ஊற்றுகள். அந்த அம்மோனியா அமிலங்களோடு சேர்ந்து நுண்துகள்களாகிறது. தில்லியின் குளிர்கால மூடுபனியில் அம்மோனியம் குளோரைடின் பங்கைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வொன்று 2021-இல் எடுத்துக்காட்டியது. நவம்பர் மாதம் நாம் முகக்கவசம் அணிந்து வகுப்புக்குச் செல்லும்போது, குற்றவாளிகளின் பட்டியலில் பஞ்சாபின் வைக்கோல் தீ மட்டுமே இருக்கிறது.

அந்த வைக்கோலைப் பற்றியும் ஒரு சொல். தஞ்சையிலோ திருவாரூரிலோ ஒரு வீட்டின் வைக்கோல் போருக்குத் தீ வைத்தால் ஊரே கூடிவிடும். அங்கே அது மாட்டின் சோறு. பஞ்சாபில் நெல் வைக்கோல் சிலிக்கா மிகுந்தது, மாடு விரும்பாது என்பது பொதுவான பேச்சு. கோதுமை வைக்கோல் தாராளமாகக் கிடைப்பதும், அடுத்த விதைப்புக்கு நாள்கள் இல்லாததும் மறுபுறம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் காற்றுப் புகாமல் மூடிவைத்தால் அதன் புரதமும் செரிக்கும் தன்மையும் உயரும் என்பது நம் கால்நடைக் கல்லூரிகளில் பல பத்தாண்டுகளாகச் சொல்லித்தரும் பாடம். பாடத்தில் இருப்பது ஏன் தொழுவத்தில் இல்லை? கூலியா, போக்குவரத்தா, நச்சாகிவிடும் என்ற அச்சமா? இதை ஆராய ஒரு சமூகவியல் மாணவரும் ஒரு கால்நடை மருத்துவ மாணவரும் சேர்ந்தால் போதும். ஆனால் நம் துறைகள் அவர்களைச் சேர விடுவதில்லை.

அளவைகளின் கதை இதைவிட வியப்பானது. கலப்புத் தீவனத்துக்கான இந்தியத் தரநிர்ணயம், முதல் வகைக்குக் குறைந்தது 22 விழுக்காடு, இரண்டாம் வகைக்குக் குறைந்தது 20 விழுக்காடு கச்சாப் புரதம் வேண்டும் என்கிறது. உச்ச வரம்பு இல்லை. ஆகவே மூட்டையில் புரத எண் பெரிதாக இருந்தால் தரம் உயர்ந்தது என்று வாங்குபவர் நம்புகிறார். பாலுக்கு விலை கொழுப்பையும் கொழுப்பில்லாத திடப்பொருளையும் பார்த்து வழங்கப்படுகிறது. தழைச்சத்து வீணானதா என்பதை எந்தச் சங்கத்தின் ரசீதும் சொல்வதில்லை.

சொல்ல முடியாததா? பாலிலுள்ள யூரியாவே அதற்கான குறி. இரத்தத்தில் யூரியா ஏறினால் பாலிலும் ஏறும். நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் பால் மாதிரியின் யூரியா அளவைக் கொண்டு தீவனத்தைத் திருத்துவது அன்றாட நடைமுறை. மேலைநாட்டுக் கறவைகளுக்கு 100 மில்லி பாலில் 10 முதல் 14 மில்லிகிராம் யூரியா-நைட்ரஜன் போதுமானதாகக் கருதப்படுகிறது. இந்தியாவிலும் பாலில் யூரியாவைச் சோதிக்கிறோம், கலப்படத்தைக் கண்டுபிடிக்க. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு 100 மில்லிக்கு 70 மில்லிகிராம் யூரியா. நைட்ரஜனாக மாற்றினால் ஏறத்தாழ 33. திருடனைப் பிடிக்க மட்டும் வைத்திருக்கும் கருவியை வைத்தியத்துக்கும் பயன்படுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. நம் எருமைக்கும் நாட்டுப் பசுவுக்கும் எந்த அளவு சரியானது என்பதை நாம்தாம் ஆராய்ந்து சொல்ல வேண்டும். மேலை எண்ணை அப்படியே இறக்குமதி செய்வது சோம்பல்.

ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். மேற்சொன்ன பசு, ஐ.பி.சி.சி. முறையின்படி நாளொன்றுக்கு ஏறத்தாழ 260 கிராம் மீத்தேன் விடும். கரியமில வாயு மதிப்பில் 7 கிலோ. மிச்சப்படுத்திய 58 கிராம் தழைச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகும் என்று கொண்டாலும் அதன் மதிப்பு கால் கிலோதான். பிறகு ஏன் இத்தனை ஆரவாரம் என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. காலநிலைத் தராசில் மட்டும் நிறுத்தினால் மீத்தேனே கனமானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தழைச்சத்தின் கேடு காலநிலையோடு முடிவதில்லை. நுண்துகளாக நுரையீரலையும், நைட்ரேட்டாகக் கிணற்றையும், வீணான புண்ணாக்காக உழவரின் பையையும் அது தாக்குகிறது. தீவனம் விளைய இட்ட யூரியாவின் உமிழ்வு வேறு. எல்லாவற்றையும் கரியமில வாயுச் சமானம் என்ற ஒற்றை எண்ணாக உருக்கிவிட்டால், சமானம் இல்லாத துன்பங்கள் கணக்கிலிருந்து மறைந்துபோகும்.

இரண்டையும் சேர்த்து அளக்க முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. தேசியப் பால்வள வாரியத்தின் சரிவிகிதத் தீவனத் திட்டம், தேசியப் பால் திட்டத்தின் முதற் கட்டத்தில் 2019 வரை நடந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடு வீடாகச் சென்று, மாட்டின் எடையையும் பாலையும் கைவசமுள்ள தீவனத்தையும் கணினியில் பதிந்து, அதே பொருள்களைக் கொண்டே சமநிலையான கலவையைச் சொன்னார். 2013-இல் வெளியான அவ்வாரிய ஆய்வாளர்களின் களக் கட்டுரை, தீவனம் சமநிலையானபோது பால் உயர்ந்ததையும், தழைச்சத்துப் பயன்பாட்டுத் திறன் கூடியதையும், லிட்டருக்கான மீத்தேன் குறைந்ததையும் ஒருசேரக் காட்டியது. மந்திரப் பொடி எதுவும் இல்லை. அறிவும் ஒரு ஆளின் உழைப்பும் மட்டுமே. அத்திட்டம் எட்டிய கறவைகள் ஏறத்தாழ 28 லட்சம். 30 கோடியில் அது நூற்றில் ஒன்றுகூட இல்லை.

இந்தியா பேசாத நாடல்ல. 2019 மார்ச்சில் நைரோபியில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில் நீடித்த தழைச்சத்து மேலாண்மைத் தீர்மானத்தை முன்மொழிந்ததே இந்தியாதான். அதே ஆண்டு அக்டோபரில் கொழும்புப் பிரகடனம் 2030-க்குள் தழைச்சத்து விரயத்தைப் பாதியாக்கும் குறிக்கோளை வைத்தது. ஆனால் தில்லியில் கால்நடை ஒரு அமைச்சகம், உரம் ஒரு அமைச்சகம், சுற்றுச்சூழல் ஒரு அமைச்சகம். மாட்டின் வாய்ப்புறம் ஒருவருக்கும் வால்புறம் மற்றொருவருக்கும் பங்கிடப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழகங்களும் இதே பாகப்பிரிவினையைப் பின்பற்றுகின்றன: மீத்தேன் அளப்பவர் சிறுநீரைச் சேகரிப்பதில்லை, மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு அளப்பவர் தீவனத்தைக் கேட்பதில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் நான்கு. தீவனமும் மீத்தேனும் பற்றிய எந்த ஆய்வேடும் தழைச்சத்தின் வரவு செலவைச் சொல்லாமல் ஏற்கப்படக் கூடாது. பால் கூட்டுறவுச் சங்கங்கள் கலப்படச் சோதனைக்காக எடுக்கும் யூரியா எண்ணை உழவருக்கே திருப்பித் தர வேண்டும். தீவன மூட்டையில் புரதத்தோடு ஆற்றல் மதிப்பும், எந்தப் பால் அளவுக்கு எவ்வளவு இட வேண்டும் என்பதும் அச்சிடப்பட வேண்டும். தில்லியின் பண்ணைகளை இடம்மாற்றுவோர், புதிய இடத்தில் பசுந்தீவன நிலத்தையும் சாண எரிவாயுக் கலனையும் மனைக்கு முன்பே திட்டமிட வேண்டும்.

இவற்றுள் முதலாவதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. நெறியாளர்களும் மாணவர்களும் முடிவு செய்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம். மறுப்பவர்கள் மறுக்கட்டும். கொடியோடு அல்ல, எண்ணோடு வாருங்கள். பின்னூட்டத்தில் விடை சொல்லக் காத்திருக்கிறேன்.